இயங்கலைப் (ஆன்லைன்) படிப்பு: சுங்கை சிப்புட் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு 2022இல் ஓய்வு பெற்றேன். இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் வாரத்துக்கு மூன்று மாலை பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைக்கிறேன். எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டப் பக்கங்களிலிருந்தும் டவுன் தாமான் (குடியிருப்பு) பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். ஆறரை மணிக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வரும் பெற்றோர், மோட்டாரை அணைக்காமலே ஒரு கேள்வி கேட்பார்கள். முன்பெல்லாம் கணக்கு வரவில்லை, மலாய் வரவில்லை என்று கேட்பார்கள். இப்போது பாதிக் கேள்வி கைப்பேசியைப் பற்றித்தான். வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

“டீச்சர், வீட்டில் ஒரே கைப்பேசிதான். பிள்ளைகள் மூன்று பேர். யாருக்குக் கொடுப்பது?”

2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, இதுதான் எல்லா வீட்டுக் கேள்வியாகவும் இருந்தது. அப்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் சுமார் 9 விழுக்காடுதான். என் வகுப்பில் ஒரு பையனின் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போவார். கைப்பேசி அவரோடு போய்விடும். பையனுக்கு வீட்டுப்பாடம் கையில் கிடைப்பது இரவு எட்டு மணிக்கு. அவன் எழுதிப் படம் பிடித்து அனுப்பும்போது பத்து ஆகியிருக்கும். அவனைச் சோம்பேறி என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். அவன் அம்மாவிடம் பேசிய பிறகுதான் நிலைமை புரிந்தது. அன்றிலிருந்து யார் தாமதமாக அனுப்பினாலும் முதலில் வீட்டில் கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்பேன்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நேரலை வகுப்பு யாருக்கு இருக்கிறதோ அந்த நேரம் அவருக்கு. அதில் மாற்றமே வேண்டாம். நேரலை இல்லாதபோது சிறியவருக்கு முதலில் கொடுங்கள். அவருக்குச் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும். மூத்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுங்கள்: கைப்பேசி கையில் வந்ததும் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு கருவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். விடை எழுத நோட்டு போதும். முக்கால் மணி நேரம் பிடித்து வைத்திருக்கும் கைப்பேசி பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு வந்துவிடும்.

2021இல் செர்டிக் என்ற திட்டத்தில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 150,000 கருவிகள் ஒதுக்கப்பட்டன. இரவல் கருவி, உதவித் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட்டு விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

“டெலிமா என்கிறார்களே, அது என்ன? காசு கட்ட வேண்டுமா?”

வேண்டாம். கல்வி அமைச்சின் கற்றல் தளம் அது. 2020 ஜூனில் தொடங்கினார்கள். பள்ளியில் பதிவான ஒவ்வொரு பிள்ளைக்கும் எம் என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் அடையாள முகவரி இருக்கிறது. அதை வைத்து உள்ளே போனால் கூகுள் கிளாஸ்ரூமும் பாடநூல்களின் மின்பதிப்பும் கிடைக்கும். பாடநூல் கிழிந்துவிட்டது, பள்ளியில் விட்டுவிட்டு வந்துவிட்டான் என்றால் அங்கே திறந்து படிக்கலாம். கடவுச்சொல் மறந்துபோனால் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டாம். பள்ளியில் டெலிமா பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார், அவர் மாற்றித் தருவார். கடவுச்சொல்லை வீட்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் இந்தத் தளத்தைப் பயன்படுத்தாமல் போவதற்குப் பெரிய காரணம் மறந்துபோன கடவுச்சொல்தான்.

“எங்கள் தோட்டத்தில் லைனே கிடைப்பதில்லை. என்ன செய்ய?”

கோபுரம் தூரத்தில் இருக்கிறது, நடுவில் குன்றும் செம்பனையும் இருக்கின்றன. அடர்ந்த மட்டைகள் அலையை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு நம் வீடுகளின் தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் வாசலில் இரண்டு கோடு காட்டும் கைப்பேசி கூடத்துக்குள் வந்தால் செத்துவிடுகிறது. 2020 ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸில் ஒரு பல்கலைக்கழக மாணவி லைனுக்காக மரத்தின்மேல் ஏறி இருந்து தேர்வு எழுதியது நாடு முழுக்கச் செய்தியானது. நம் பக்கத்திலும் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மேட்டிலும் கோயில் திட்டிலும் உட்கார்ந்து படித்தார்கள். அவை செய்தியாகவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் செய்யக்கூடியது இது. கைப்பேசியை ஜன்னல் ஓரம், முடிந்தவரை உயரத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். பிள்ளை உள்ளே இன்னொரு கருவியில் படிக்கட்டும். ஒரே கருவி என்றால் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது அரை மணி நேரத்தில் ஒரு வாரப் பாடத்தை இறக்கிவிடலாம். காணொலிகளையும் கோப்புகளையும் லைன் இல்லாமல் திறக்கும்படி சேமித்து வைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. 2021 முடிவில் 3ஜி சேவையை நாட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் பழைய 3ஜி கைப்பேசி உங்களிடம் இருந்தால், எவ்வளவு டாப்அப் செய்தாலும் அதில் வேகம் வராது. கருவியைத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம், பக்கத்தில் நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்பு இணைய மையம், பெடி என்று பெயர் மாறி மாறி வந்ததே, அதுதான். நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கணினி, இணையம் இரண்டும் உண்டு.

“ஒரு வகுப்புக்கு எவ்வளவு டேட்டா ஓடும்?”

காணொலியோடு ஒரு மணி நேர நேரலை வகுப்பு என்றால் ஏறக்குறைய ஒரு ஜிபி. தரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காலை 8 முதல் மாலை 6 வரை நாளுக்கு 1 ஜிபி இலவசமாகக் கொடுத்தன. ஒரு பிள்ளையின் ஒரு வகுப்போடு அது தீர்ந்துவிடும். கேமராவை அணைத்துக் குரல் மட்டும் வைத்தால் செலவு பல மடங்கு குறையும். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு நிமிடக் குரல் பதிவு கால் எம்பிகூட ஆகாது.

ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்வேன். நான் அந்தக் காலத்தில் நேரலையைக் குறைத்துவிட்டு, நான்கு நிமிடக் குரல் பதிவும் பாடநூல் பக்க எண்ணும் அனுப்பினேன். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நேரலையில் முகம் மட்டும் காட்டி வாய் திறக்காத பிள்ளைகள் குரல் பதிவில் தைரியமாகப் பதில் சொன்னார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டிய பதிவுகள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. பின்னால் கோழி கத்தும், அப்பா இருமுவார், நடுவில் பிள்ளையின் உலகநீதி.

“நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள். எனக்கே தெரியாததைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?”

அம்மா, உங்களுக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், மலாய் வாசிக்கத் தெரியாது. மாலையில் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, “இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்பார். நான் சொல்வேன். புரியவில்லை என்றால் “மறுபடி சொல்லு” என்பார். மறுபடி சொல்லும்போது எனக்கே புரியாத இடம் எது என்று தெரிந்துவிடும். ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன், இது கற்பித்தலில் மிக உறுதியாக நிறுவப்பட்ட ஒரு வழி. படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னால்தான் அது மனத்தில் நிற்கும். பத்து முறை பார்த்துப் படிப்பதைவிட இரண்டு முறை பார்க்காமல் சொல்வது மேல்.

கைப்பேசியால் இதைச் செய்ய முடியாது. காணொலி பிள்ளையிடம் “மறுபடி சொல்” என்று கேட்காது, அடுத்த காணொலியைக் காட்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். மண்டபத்தில் நான் செய்வதில் பாதி இதுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை பின்னம் கற்றுக்கொண்டால், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதை வாயால் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் காணொலியை இன்னொரு முறை பார்க்கட்டும்.

செய்முறையாகச் சொல்கிறேன். பிள்ளை காணொலி பார்க்கத் தொடங்கும்போது, “முடிந்ததும் எனக்கு மூன்று விஷயம் சொல்லணும்” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மீனைக் கழுவிக்கொண்டே கேட்கலாம். தடுமாறினால் திட்ட வேண்டாம். “இந்த இடம் தெரியல, டீச்சரிடம் கேளு” என்று நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் அந்தக் குறிப்போடு வரும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல ஆசிரியருக்குச் சந்தோஷம் வேறில்லை.

“யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, டியூசனுக்கு எதற்கு மாதா மாதம் காசு?”

ஒரு பாடம் புரியாவிட்டால் விளக்கம் கேட்க வலையொளி நல்ல இடம். வகுப்பில் கையைத் தூக்க வெட்கப்படும் பிள்ளை, வீட்டில் ஒரே இடத்தை ஐந்து முறை நிறுத்திப் பார்க்கலாம். அது பெரிய விடுதலை. ஆனால் பிள்ளை எங்கே தவறு செய்கிறது என்று பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கழித்தலில் கடன் வாங்கும்போது தவறும் பிள்ளையும் வாய்ப்பாடு தெரியாமல் தவறும் பிள்ளையும் ஒரே தவறான விடையை எழுதியிருக்கலாம். நோட்டைப் பார்ப்பவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும். டியூசனுக்குப் பணம் கொடுத்தாலும் நோட்டைத் திருத்தித் தருகிறார்களா என்று பாருங்கள். நாற்பது பேரை உட்கார வைத்துத் திரையில் ஓட்டிவிட்டு அனுப்பும் இடமென்றால் அந்தக் காசு வீண்தான்.

“எங்கள் தோட்டப் பள்ளியில் இருபது பிள்ளைகள்கூட இல்லை. டவுன் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?”

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை.

தோட்டப் பள்ளிகளின் கதை நூறாண்டுக்கு மேற்பட்டது. தோட்டத்தில் பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே பள்ளி நடத்த வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தியது. அப்படி ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் தொடங்கியவை பல. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால் மரம் போய்ச் செம்பனை வந்து, சனம் டவுனுக்குப் போக, இப்போது ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். அவற்றில் பெரும்பாலானவை 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள். முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்துவார்கள்.

சின்னப் பள்ளியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். குறை என்னவென்றால் துணை. நான்காம் ஆண்டில் இரண்டே பேர் என்றால், ஒருவன் வராத நாளில் இன்னொருவனுக்குப் பேச ஆளில்லை. கதை சொல்லும் போட்டிக்கு யாரோடு பழகுவது? இயங்கலை உண்மையாகவே உதவும் இடம் இதுதான். இரண்டு சின்னப் பள்ளிகள் வாரம் ஒரு மணி நேரம் திரை வழியாகச் சேர்ந்து படிக்கலாம். ஒரு பள்ளிப் பிள்ளை இரட்டைக்கிளவி சொன்னால், அந்தப் பக்கப் பிள்ளை வாக்கியம் சொல்லட்டும். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டில் இன்னொரு பள்ளித் தோழியோடு இப்படிச் செய்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பிள்ளைகள் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். ‘அந்தப் பள்ளியில் ஒரு பொண்ணு நம்மைவிட நல்லா வாசிக்கிறா’ என்ற எண்ணம் வந்ததும் என் பிள்ளைகள் வாசிப்பு மாறிவிட்டது. பள்ளியை மாற்றுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் இதைப் பேசிப் பாருங்கள். ஒரு கணினி, ஒரு திரை, இரண்டு ஆசிரியர்களின் மனம் இருந்தால் போதும்.

“மகள் படிவம் 1 போய்விட்டாள். அங்கே தமிழ் வகுப்பு இல்லை என்கிறார்கள். இயங்கலையில் படித்து எஸ்பிஎம் எழுதலாமா?”

எஸ்பிஎம் என்பது படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு. எழுதலாம், கட்டாயம் எழுதட்டும். ஆனால் முதலில் பள்ளியில் கேளுங்கள். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு இடமுண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே அது இருக்கிறது. பதினைந்து பேர் சேரவில்லை, ஆசிரியர் இல்லை, வகுப்பு சனிக்கிழமை, பேருந்து இல்லை என்று ஆயிரம் காரணத்தில் பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகிறார்கள். ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை பன்னிரண்டு வயதில் தமிழை மூடி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது.

இயங்கலையில் தமிழ் எடுக்கும் ஆசிரியர்கள் இப்போது பலர். சேர்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பிள்ளை எழுதும் கட்டுரையை யார் திருத்துவார்கள்? தமிழ்த் தாளில் கையால் எழுத வேண்டும். ஐந்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிட்டுத் தேர்வு அறையில் பேனா பிடித்தால் கை ஓடாது. வாரம் ஒரு பக்கம் எழுதிப் படம் எடுத்து அனுப்பி, சிவப்பு மையில் திரும்பி வரும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். படிக்க நூல் இல்லையே என்ற கவலை வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் பழைய இலக்கியங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. என் காலத்தில் ஒரு குறள் உரைக்கு ஈப்போவுக்குப் பேருந்து ஏறினோம்.

“பிள்ளை தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறான். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்தான். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்த நாட்டுப் பிள்ளை தாத்தாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்தை ஆங்கில எழுத்தில் அனுப்பக் கூடாது.

இரண்டு வகை விசைப்பலகை இருக்கிறது. ஒன்றில் ஆங்கில எழுத்தை ஒலிப்படித் தட்டினால் தமிழ் வரும். இன்னொன்று தமிழ்99, உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். பெரியவர்களுக்கு முதல் வகை சுலபம். பிள்ளைகளுக்கு நான் தமிழ்99தான் சொல்லித் தருகிறேன். முதல் வகையில் கைப்பேசி தானே சொல்லை ஊகித்து எழுதிவிடுவதால் ல, ள, ழ வேறுபாட்டைப் பிள்ளை யோசிப்பதே இல்லை. தமிழ்99இல் ல, ள, ழ மூன்றில் எது என்று அவனே விரலால் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

“கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டான். கண்டிப்பதா, விடுவதா?”

முதலில் அவனை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “என்ன எழுதியிருக்கிறாய்?” என்று கேளுங்கள். விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இதை எல்லா நாட்டு ஆசிரியர்களும் சந்திக்கிறார்கள்.

மண்டபத்தில் ஒரு நாள் ‘எங்கள் தோட்டம்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. அதில் தென்னந்தோப்பு, ஏற்றம் இறைக்கும் கிணறு, ஆற்றங்கரை மண்டபம் எல்லாம் இருந்தன. லயத்து வீடு இல்லை, செம்பனை இல்லை, குலைகளை ஏற்றிப் போகும் லோரி இல்லை. அந்தப் பையனின் அப்பா அந்த லோரியைத்தான் ஓட்டுகிறார். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு, “உன் அப்பா காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? அதிலிருந்து எழுது” என்றேன். ஒரு பக்கம் எழுதினான். ஒற்றுப்பிழை பத்து இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் அவன் வீட்டு வரி.

கருவியை முற்றாகத் தடுக்க வேண்டாம். தானே எழுதி முடித்த பிறகு, “இதில் எந்த இடம் விளங்கவில்லை என்று கேள்வி கேள்” என்று அதனிடம் கேட்கலாம். அறிவியல் சொல்லுக்கு விளக்கம் கேட்கலாம். அது சொல்லும் ஆண்டு, பெயர், குறள் எண் எதையும் பாடநூலோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது. இல்லாத குறளைக்கூட அது உறுதியான குரலில் சொல்லிவிடும்.

“யூபிஎஸ்ஆர் இல்லையே. பிள்ளை படிக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் தொடங்கியது, 2021இல் அதை நிறுத்தினார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடும் ஆண்டிறுதித் தேர்வும் இருக்கின்றன. அறிக்கையில் 1 முதல் 6 வரை அடைவு நிலை போட்டிருப்பார்கள். 3 என்றால் அடிப்படை வந்துவிட்டது என்று பொருள். 1, 2 என்றால் உடனே ஆசிரியரைப் பாருங்கள். புலனக் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம், நேரில் போங்கள்.

“கண் கெட்டுவிடாதா? எவ்வளவு நேரம் பார்க்கலாம்?”

இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்கு: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை எடுத்துத் தூரத்தில் பார்க்கட்டும். வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு அனுப்புங்கள். படுக்கும் அறைக்குள் கைப்பேசி போகவே கூடாது.

“தெரியாத ஆள் பிள்ளையோடு பேசுகிறார். என்ன செய்வது?”

பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டாள். உரையாடலை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள், அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். படம் கேட்டார், சந்திக்கக் கூப்பிட்டார் என்றால் போலீசில் புகார் செய்யுங்கள். பிள்ளையை இணையத்தில் வசப்படுத்துவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தாலியான் காசே என்ற அரசாங்க உதவிச் சேவையின் 15999 எண்ணுக்கும் அழைக்கலாம். மோசடியில் பணம் போய்விட்டது என்றால் மோசடிப் புகார் எண் 997, தாமதிக்காமல் அழையுங்கள்.

“மண்டப வகுப்பில் சேர என்ன வேண்டும்?”

ஒரு நோட்டு, ஒரு பென்சில். திங்கள், புதன், வெள்ளி மாலை நான்கரை மணிக்கு வரட்டும். கைப்பேசி இருந்தால் கொண்டு வரலாம், வாசலில் உள்ள கூடையில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் காட்டுவார். பெற்றோர் ஆறு மணிக்கே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் நல்லது. பிள்ளை அன்று படித்ததை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பு போடும். பெரிய மழை பெய்தால் மண்டபத்தில் லைன் போய்விடும். அன்றைக்கு வாய்ப்பாடு.